பழுதறியத் தமிழ் போதும்

(தனித்தமிழ் அன்பர்கள் கூடிய கலைச்சொல் அரங்கொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

    

'தமிழில் அறிவியல் இயலுமா?' என்னும் வினாவுக்கு விடை சொல்லிச் சொல்லி நம் முன்னோர் நாவும் வறண்டது. நம் நாவும் வறண்டது. 1916-இல் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய நாள்தொட்டு, நூறாண்டுகளுக்கு மேலாக இவ் வினா நம் வாயிலில் நின்றுகொண்டேயிருக்கிறது. 'இயலும், இயலும்' என்று மேடையில் முழங்குவது எளிது. வேலைப் பலகையின்முன் அமர்ந்து செய்து காட்டுவதே அரிது. ஆகலின் இன்று நான் வெற்று முழக்கம் எழுப்ப வரவில்லை. உள்ளங்கை அகலமேயுள்ள ஒரு சிறு கருவியை எடுத்துக்கொள்கிறேன். அது பழுதுற்றால், அப் பழுதைத் தமிழிலேயே எண்ணி, தமிழிலேயே தேடி, தமிழிலேயே தீர்க்கும் முறையை உங்கள்முன் வைக்கிறேன். பின்னர் நீங்களே தீர்ப்புரையுங்கள்.

அக் கருவி, கித்தார் இசைக்கும் இளைஞர் காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு பெட்டி. நரம்பின் தெளிந்த ஓசையை அது கரகரப்பும் முழக்கமும் உடையதாக மாற்றும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரை நம் எழுத்தில் எழுதப் புகுந்தால் 'பசு' என்று முடியும். பின்னர் அதற்குப் புல்லிட்டுப் பாலும் கறக்க வேண்டிவரும்! (சிரிப்பு). நாம் அதனைக் 'கரகரப்பு மிதி' என்போம். கேட்ட அளவிலேயே அது என்ன செய்யும், எதனால் இயக்கப்படும் என்னும் இரண்டும் விளங்கிவிடுகின்றன அன்றோ?

'புலவனுக்கு மின்சுற்றில் என்ன வேலை?' என்று சிலர் முணுமுணுப்பது என் செவியில் விழுகிறது. வேலை உண்டு, ஐயா! மின்னுறுப்புகளைத் தகட்டில் ஒட்டவைக்க வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கி வைக்கிறார்களே, அதன் பெயர் பற்றாசு. பொற்கொல்லர் பட்டறையில் பன்னெடுங்காலமாக வழங்கும் சொல் அது. அதே 'ஆசு' நம் யாப்பிலக்கணத்திலும் இருக்கிறது. இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, இணைப்பு ஒட்டாவிட்டால் இடையே ஓர் அசையோ ஈரசையோ சேர்க்கிறோம். அதற்கு ஆசு என்றே பெயர். அவ்வாறு அமைந்த பாட்டை ஆசிடை நேரிசை வெண்பா என்கிறோம். பொன்னை ஒட்டும் பற்றாசு போன்றது அது என்று உரையாசிரியர்கள் விளக்கினர். பட்டறைச் சொல்லைப் பாட்டிலக்கணத்துக்கு எடுத்துக்கொண்ட மொழி நம் மொழி. அச் சொல்லை மீண்டும் பட்டறைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்று நான் செய்யும் வேலை.

பழுதிலே பிறந்த பண்

இக் கருவி பிறந்த வரலாறே ஒரு பழுதின் வரலாறு. அமெரிக்க நாட்டில் நாசுவில் என்னும் நகரம் பாட்டுப் பதிவுக்குப் பெயர்பெற்றது. அங்கே மார்ட்டி இராபின்சு என்னும் பாடகரின் பாட்டொன்று பதிவு செய்யப்பட்டது. அப் பாட்டு 1961-இல் வெளிவந்தது. கிரேடி மார்ட்டின் என்னும் இசைஞர் அதில் ஆறு நரம்புத் தாழ்குரற் கித்தாரை இசைத்தார். அவருடைய கருவியின் ஒலி சென்ற பதிவுப் பொறியின் தடம் ஒன்று பழுதுற்றிருந்தது. ஒலி தெளிவாக வராமல், தகரத்தைக் கிழித்தாற்போல் கரகரத்தது. பிறரானால் 'பாழாயிற்று' என்று அழித்திருப்பர். அவர்களோ அதை அழிக்காமல் அப்படியே பாட்டில் விட்டனர். கேட்டவர்க்கு அப் புத்தோசை பிடித்துப்போயிற்று.

அங்கிருந்த ஒலிப்பொறியாளர் கிளென் சுனாடி அத்தோடு நிற்கவில்லை. அப் பழுது ஏன் நேர்ந்தது, அதனால் ஒலியலைக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்ந்தார். பின்னர், அதே ஓசையை வேண்டும்போது எழுப்பி வேண்டாதபோது நிறுத்தும் ஒரு மின்சுற்றை நண்பரொருவருடன் கூடி அமைத்தார். கிப்சன் குழுமம் அதனை 'மேசுட்ரோ' என்னும் பெயரில் 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் இங்கிலாந்தின் இரோலிங்கு சுட்டோன்சு குழுவினர் புகழ்பெற்ற தம் பாட்டொன்றின் தொடக்கத்தில் அதனைப் பயன்படுத்தினர். அதன்பின் அக் கரகரப்பு உலகெங்கும் பரவிற்று. 1966-இல் இலண்டனில் ஆர்பிட்டர் குழுமம் வட்டத்தட்டுப் போன்ற பெட்டியில் இன்னொரு வகை மிதியைச் செய்தது. சிமி எண்ட்ரிக்சு என்னும் கறுப்பினப் பெருங்கலைஞர் அதனை மிதித்து இசைத்துப் பெரும்புகழ் சேர்த்தார்.

பழுதைக் கண்டு அஞ்சியவனும் கருவி செய்யவில்லை. பழுதைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டவனும் கருவி செய்யவில்லை. பழுதின் கரணியத்தை ஆராய்ந்தவனே கருவி செய்தான். இவ் வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது இதுவே.

உறுப்பும் பெயரும்

நம் இளைஞர்கள் வீட்டில் அமைத்துப் பார்ப்பது பெரும்பாலும் அந்த இலண்டன் வகையையே. கரணியம் எளிது, அதன் சுற்றில் பதினோர் உறுப்புகளே உள்ளன. திரிதடையம் 2, மின்தடை 4, மின்தேக்கி 3, திருகித் திருத்தும் மாறுதடை 2. இவற்றோடு 9 வோல்ட்டு மின்கலம் ஒன்று, செருகுவாய் இரண்டு, மிதிமாற்றி ஒன்று. அவ்வளவே.

கடைக்காரர் டிரான்சிசுட்டர் என்று விற்பதே திரிதடையம். அதற்கு மூன்று கால்கள்: உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். இம் மூன்றும் நம் பள்ளிப் பாடநூல்களில் வழங்கும் சொற்களே. நான் இன்று புனைந்தவை அல்ல. ஒரு கால் உமிழ்கிறது; ஒரு கால் ஏற்கிறது; நடுவிலுள்ள அடிவாய் மதகுபோல் நின்று எவ்வளவு செல்லலாம் என்று ஆள்கிறது. பெயரைச் சொன்னவுடனே வேலை விளங்கிவிட்டது. மின்தேக்கி என்பது நிலையாக ஒரே திசையில் வரும் மின்னோட்டத்தைத் தேக்கி நிறுத்தும். அலையாக ஏறி இறங்கும் குறிகையைக் கடந்துபோக விடும். இங்கும் பெயரே பாடம்.

இதைக் கேட்டதும் 'எமிட்டர் என்பதற்கும் உமிழ்வது என்றுதானே பொருள்?' என்று கேட்பர். ஆம், அதுவே பொருள். அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஆங்கிலேயச் சிறுவன் அச் சொல்லைக் கேட்டதும் 'உமிழ்வது' என்று உணர்கிறான். ஏனெனில் அது அவன் தாய்ப்பாலோடு பருகிய மொழி. நம் சிறுவனுக்கோ அது பொருளற்ற வெற்றோசை. அவன் கற்பது பாடம். இவன் சுமப்பது பாரம். அந்தச் சிறுவனுக்கு இயல்பாகக் கிடைத்த உரிமை இந்தச் சிறுவனுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறோம். இதற்குமேல் நாம் எதையும் கேட்கவில்லை.

இனிச் சுற்று இயங்கும் முறையைக் காண்போம். கித்தாரின் நரம்பு அதிர்கிறது. அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்குறிகை எழுகிறது. அது முதல் மின்தேக்கியைக் கடந்து முதல் திரிதடையத்தின் அடிவாயை அடைகிறது, அங்கே பெருகுகிறது. பெருகியது இரண்டாம் திரிதடையத்தின் அடிவாய்க்குச் செல்கிறது. அங்கே இன்னும் பெருகுகிறது. ஆனால் மின்கலம் தருவதோ 9 வோல்ட்டுத்தான். அலை அதற்குமேல் உயர முடியாது. சுழிக்குக் கீழே தாழவும் முடியாது. குள்ளமான வீட்டில் நெட்டையன் நிமிர்ந்தாற்போல, அலையின் முகடு கூரையில் இடித்துத் தட்டையாகிறது; அடியும் தரையில் இடித்துத் தட்டையாகிறது. வளைந்த அலை கட்டவடிவம் பெறுகிறது. அப்போது மூல ஓசையோடு பல மேலொலிக் கூறுகளும் புதிதாகப் பிறக்கின்றன. அவற்றையே நம் செவி கரகரப்பு என்று கேட்கிறது.

தேடுமுறை

இத்தகைய சுற்றை ஓர் இளைஞர் அமைத்து முடிக்கிறார். மிதிக்கிறார். ஊமையாக இருக்கிறது. என்ன செய்வது?

அறியாதவன் முதலில் செய்வது உறுப்பை மாற்றுவது. 'திரிதடையம் கெட்டிருக்கும்' என்று ஒன்றைப் பிடுங்கி வேறொன்றை வைப்பான். பின்னர் மின்தேக்கியைப் பிடுங்குவான். சூடு பட்டுப் பட்டுத் தகட்டின் செம்புப்படலம் பெயர்ந்து வரும். இருந்த ஒரு பழுது ஐந்து பழுதாகும். வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறி என்ன? முதலில் நோய் இன்னது என அறிதல். அடுத்து அதன் மூலத்தை அறிதல். பின்னரே தணிக்கும் வழியை நாடுதல். கருவிக்கும் அதுவே நெறி. அந் நெறியில் ஏழு படிகளைச் சொல்கிறேன்.

முதற்படி, மிதியாத நிலையில் கேட்டல். மிதிமாற்றியை விலக்கு நிலையில் வைத்தால் கித்தாரின் ஓசை சுற்றுக்குள் புகாமல் நேரே பெருக்கிக்குச் செல்ல வேண்டும். அந்த ஓசையும் வரவில்லையாயின், பழுது திரிதடையத்தில் இல்லை. செருகுவாயிலோ, கம்பியிலோ, மிதிமாற்றியிலோ இருக்கிறது. இந்த ஒரே ஆய்வால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாம்படி, மின்கலம். புதிய மின்கலத்தை இட்டு அதன் இரு முனைகளையும் அளவியால் அளந்து பார்க்க. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இவ்வகைப் பெட்டிகளில் தனியே மின்சாவி இராது. உள்வரும் செருகுவாய் மூன்று தொடுமுனைகள் உடையது. கித்தாரின் செருகியை அதில் நுழைத்தால்தான் மின்கலத்தின் ஒரு முனை பொதுக்கம்பியோடு இணையும். செருகியை நுழையாமல் அளந்தால் சுற்றிலுள்ள எந்த உறுப்பிலும் மின்னழுத்தம் சரியாகக் காட்டாது. எனக்குத் தெரிந்த பல்தொழில்நுட்ப மாணவர் ஒருவர், பெட்டியைத் திறந்து பலகைமேல் வைத்துக்கொண்டு, செருகியின்றியே அளந்து அளந்து, 'திரிதடையம் செத்துவிட்டது' என்று மூன்று இணைகளை மாற்றினார். கெட்டது எதுவுமில்லை. 'அந்த மூன்றாம் முனை என்ன வேலை செய்கிறது என்று தமிழில் சொல்லப்பா' என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார், பாதியிலேயே நிறுத்தினார், செருகியை எடுத்து நுழைத்தார். பெட்டி முழங்கிற்று. அதன் ஆங்கிலப் பெயரை அவர் முன்பே அறிந்திருந்தார். வேலையைத்தான் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம்படி, பற்றாசைக் கண்ணால் பார்த்தல். நல்ல மூட்டு, மலையடிவாரம்போல் நாற்புறமும் சரிந்து பளபளப்பாக இருக்கும். தீய மூட்டு, தாமரையிலை நீர்த்துளிபோல் உருண்டு ஒட்டாமல் நிற்கும். அல்லது மங்கிச் சுருங்கியிருக்கும். கம்பியும் தகடும் போதிய அளவு சூடேறாமல் பற்றாசு மட்டும் உருகினால் இப்படி ஆகும். இதனைக் குளிர்மூட்டு என்க. மீண்டும் சூடாக்கிச் சிறிது புதுப் பற்றாசு சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு மூட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் பழுதே. பற்றாசில் காரீயம் உண்டாகலின், வேலை முடிந்ததும் கையைக் கழுவ மறவற்க.

நான்காம்படி, மதிப்பும் முனையும் சரிபார்த்தல். மின்தடையின்மேல் எண்ணை எழுதாமல் நிறப்பட்டைகளாகத் தீட்டியிருப்பர். அந் நிறவரிசையை நினைவில் கொள்ள ஆங்கிலத்தில் ஏதேதோ சொற்றொடரை உருப்போடச் செய்கின்றனர். நிறத்துக்கு என்ன மொழி? கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. இருளில் தொடங்கி, வானவில்லின் வழியே நடந்து, வெளிச்சத்தில் முடிகிறது. முதலிரு பட்டைகள் எண்கள்; மூன்றாம் பட்டை எத்தனை சுழி என்பது. நம் சுற்றிலுள்ள 33,000 ஓம் தடைக்கு மூன்றும் செம்மஞ்சள். 8,200 ஓமுக்குச் சாம்பல், சிவப்பு, சிவப்பு. 1,00,000 ஓமுக்குப் பழுப்பு, கருப்பு, மஞ்சள். 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு. இந்தக் கடைசியில்தான் கண் ஏமாறும். மூன்றாம் பட்டை பழுப்பாக இராமல் மஞ்சளாக இருந்தால் அது 4,70,000 ஓம். அதை மாற்றி வைத்துவிட்டால் இரண்டாம் திரிதடையம் உணவின்றிப் பட்டினி கிடக்கும்.

திரிதடையத்தின் கால்வரிசை இதனினும் பெரிய கண்ணி. தட்டை முகத்தை நம்மை நோக்கி வைத்துக் கால்களைக் கீழ்நோக்கிப் பிடித்தால், பி.சி. 547 என்னும் வகைக்கு இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். 2 என் 3904 என்னும் வகைக்கோ உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வரிசையில் நேர் எதிர். ஒன்றுக்கு வரைந்த படத்தை வைத்து மற்றொன்றைப் பொருத்தினால் பெருக்கம் குன்றிப்போகும். பெரிய மின்தேக்கிகளுக்கும் நேர்முனை, எதிர்முனை உண்டு, அவற்றையும் பார்த்துக்கொள்க.

ஐந்தாம்படி, மின்னழுத்தம் அளத்தல். இதுவே மருத்துவர் நாடி பிடித்தல். எதிர்முனையைப் பொதுவாகக் கொண்ட சிலிக்கன் வகைச் சுற்றைச் சொல்கிறேன். அளவியின் கருங்கம்பியைப் பொதுக்கம்பியில் வைத்துச் செங்கம்பியால் ஒவ்வொரு காலாகத் தொடுக. முதல் திரிதடையத்தின் உமிழ்ப்பான் 0. அடிவாய் ஏறத்தாழ 0.6 வோல்ட்டு, ஏற்பான் ஏறத்தாழ 1.2 முதல் 1.4 வரை. அந்த ஏற்பானே இரண்டாம் திரிதடையத்தின் அடிவாயோடு இணைந்திருப்பதால் அங்கும் அதே அளவு. இரண்டாவதன் உமிழ்ப்பான் அதனினும் 0.6 அளவு குறைவு. இரண்டாவதன் ஏற்பானில் மின்கலத்தின் பாதி, அதாவது 4.5 வோல்ட்டு அளவில் இருந்தால் நன்று.

இந்த எண்கள் பேசும். கேட்கத் தெரிய வேண்டும். இரண்டாம் ஏற்பானில் முழு 9 வோல்ட்டும் நின்றால், அத் திரிதடையம் மின்னோட்டத்தை விடவேயில்லை. மதகு மூடிக்கிடக்கிறது என்பது பொருள். அதன் உமிழ்ப்பான் பொதுக்கம்பியைச் சேர்ந்திருக்கிறதா, அதன் அடிவாய் சுழியாகிக் கிடக்கிறதா என்று நோக்குக. ஏற்பானில் 1 வோல்ட்டு அளவே இருந்தால், மதகு முழுதும் திறந்துகிடக்கிறது என்பது பொருள். முதல் திரிதடையம் வேலை செய்யாமல் நின்றுவிட்டாலும் இப்படி ஆகும், அதனை நோக்குக. 3 வோல்ட்டு அளவில் நின்றால் பழுதன்று. 8,200 ஓம் தடை அத் திரிதடையத்துக்கு மிகுதி. அவ்விடத்தில் 10,000 ஓம் மாறுதடையை வைத்து 4.5 வரும்வரை திருகுக. பாதியில் நின்றால்தான் அலை மேலும் கீழும் ஒத்து ஆட இடம் இருக்கும். இடம் கோணினால், மெல்ல மீட்டும் ஓசை வெளிவராது. நீளும் ஓசை இறுதியில் இருமி இருமி அறுந்துபோகும்.

ஆறாம்படி, செவியால் துழாவுதல். ஒரு கம்பியின் நுனியில் 0.1 மைக்கிரோபாரடு மின்தேக்கி ஒன்றைப் பற்றாசால் இணைத்து, மறுமுனையைப் பெருக்கியோடு சேர்க்க. பெருக்கியின் பொதுக்கம்பியையும் சுற்றின் பொதுக்கம்பியையும் இணைக்க. இதுவே ஒலித்துழாவி. பெருக்கியைத் தாழ வைத்துக்கொண்டு, கித்தாரை ஒருவர் மீட்ட, குறிகை செல்லும் வழியிலே இத் துழாவியால் தொட்டுக்கொண்டே செல்க. உள்வாயிலில் ஓசை உண்டா? முதல் அடிவாயில்? முதல் ஏற்பானில்? இரண்டாம் ஏற்பானில்? வெளிச்செல்லும் மின்தேக்கிக்கு அப்பால்? எந்த இடத்தில் ஓசை அறுகிறதோ, அதற்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவே பழுது ஒளிந்திருக்கிறது. இனி அது தப்ப வழியில்லை.

ஏழாம்படி, ஊமை நீங்கிய பின்னும் எஞ்சும் தொல்லைகள். 'உம்' என்னும் இரைச்சல் மிகுந்தால் பெட்டியின் மாழையுடல் பொதுக்கம்பியோடு சேர்ந்துள்ளதா என்று காண்க. உள்வரும் கம்பியையும் வெளிச்செல்லும் கம்பியையும் நெருக்கி ஓட்டற்க. சில வேளை வானொலி நிலையமே பெட்டிக்குள்ளிருந்து பாடும்! பேய் புகுந்ததன்று, பெருக்கம் மிகுந்த சுற்று வானொலி அலையையும் பற்றிக்கொள்கிறது. கம்பிகளைக் குட்டையாக்கி மூடியை மூடினால் பெரும்பாலும் அடங்கும். செருமானியத்தால் ஆன பழைய வகைத் திரிதடையம் வெம்மைக்கு மிக அஞ்சுவது. காலைக் குளிரில் சரியாகத் திருத்தியது, நண்பகல் வெயிலில் நிலைமாறும். அது கெட்டதன்று, அதன் இயல்பு. அவ்வகைச் சுற்றில் நேர்முனை பொதுவாக இருக்கும். எதிர்முனையைப் பொதுவாகக் கொண்ட பிற பெட்டிகளோடு ஒரே மின்வழங்கியில் அதனைச் சேர்த்தால் வழங்கியின் இரு முனைகளும் குறுக்கே இணைந்துவிடும். அதற்குத் தனி மின்கலமே தக்கது. ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். 9 வோல்ட்டுப் பெட்டியைத் திறந்து தொடலாம். வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைத் திறவற்க. அதனுள் சில நூறு வோல்ட்டுகள் உண்டு, மின்தொடுப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும், உயிரைக் குடிக்கும்.

மறுப்புரைக்கு மறுமொழி

'இவ்வளவும் சொன்னீர், கடையில் போய் உமிழ்ப்பான், ஏற்பான் என்றால் எவன் தருவான்?' என்பர் சிலர். கடையில் கேட்க வேண்டியது வகையெண். பி.சி. 547 என்னும் எண் உலகப் பொது. அதை எழுதிக் காட்டினால் எந்நாட்டுக் கடையிலும் கொடுப்பர். எண்ணிப் பார்க்க வேண்டியதுதான் நம் மொழியில் இருக்க வேண்டும். கடையில் வாங்குவது கையின் வேலை. பழுதறிவது அறிவின் வேலை. அறிவு தாய்மொழியில்தான் தடையின்றி நடக்கும்.

'பழங்காலத் தமிழுக்கு இக்காலக் கருவி எதற்கு?' என்பர் வேறு சிலர். பழங்காலத் தமிழர் பழுதறிய மாட்டாதவரா? யாழ் நரம்பின் குற்றம் மயிர், தும்பு, முறுக்கு, கொடும்புரி என நான்கு வகையென்று பெயரிட்டு வைத்தவர் நம் முன்னோர். திருத்தக்கதேவர் காட்டும் சீவகன், காந்தருவதத்தையோடு இசைப்போர் புரிய எழுந்தபோது, தன்முன் வைத்த யாழ்களை ஆராய்ந்து, அவற்றின் குற்றங்களை எடுத்துரைத்து விலக்கிய பின்னரே நல்யாழைக் கைக்கொண்டான். நரம்பில் ஒளிந்த ஒரு மயிரையும் காணும் கண்ணும், அதற்கொரு பெயர் சூட்டும் நாவும் நமக்கு இருந்தன. அந்த நரம்பின் இடத்தில் இன்று செம்புக்கம்பி வந்திருக்கிறது, அவ்வளவே வேற்றுமை. குற்றத்துக்குப் பெயர் வைத்தவனே குற்றத்தைக் காண்பான். பெயரில்லாத பழுது கண்முன் இருந்தும் தெரியாது.

இன்று நம் நாட்டில் என்ன நடக்கிறது? சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் பயின்று மின்தடை, மின்தேக்கி என்று தெளிவாகக் கற்ற பிள்ளை, தொழிற்கல்லூரி வாயிலை மிதித்ததும், முன்பு கற்றவையெல்லாம் வேறு பெயர்களில் அவனை அச்சுறுத்துகின்றன. அறிந்த உறுப்பே அயலான்போல் நிற்கிறது. 'எனக்கு இது வராது' என்று அவன் ஒதுங்குகிறான். அவன் அறிவில் பழுதில்லை, ஐயா! பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே வைத்த மூட்டு குளிர்மூட்டு. பார்க்க ஒட்டியதுபோல் தோன்றும்; மின்னோட்டம் செல்லாது. அந்த மூட்டைத்தான் நாம் மீண்டும் சூடாக்கி ஒட்ட வேண்டும். பிள்ளையை மாற்றிப் பயனில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இளைஞர்காள்! மேடையில் கைதட்டிவிட்டுக் கலைந்து செல்லாதீர். உங்களில் ஒருவர் மிதிவண்டி பழுது பார்ப்பவராக இருக்கலாம். ஒருவர் நீரேற்றுப் பொறியை அறிந்தவராக இருக்கலாம். ஒருவர் கணினியைக் கழற்றி மாட்டுபவராக இருக்கலாம். அவரவர் அறிந்த கருவி ஒன்றுக்கு, அது பழுதுற்றால் எங்கே தொடங்கி எப்படித் தேடுவது என்பதை ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். முதலில் எதைப் பார்ப்பது, அடுத்து எதை அளப்பது, இன்ன அளவு வந்தால் இன்ன பொருள் என்று படிப்படியாக எழுதுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் அவ் வுறுப்பு என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலையே சொல்லைக் கொண்டுவந்து கொடுக்கும். அப்படியும் கிடைக்காவிடில் விளக்கமாக எழுதுங்கள். சொல் பின்னால் வரும். எழுதியதை உங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலே பழகும் சிறுவன் அதைப் படித்துத் தானே ஒரு பழுதைத் தீர்ப்பானாயின், அன்று தமிழ் ஒரு படி உயர்ந்தது என்று கொள்ளுங்கள்.

'தமிழில் இயலுமா?' என்று கேட்பவனுக்கு இனி விடை சொல்லிக் காலம் கழிக்க வேண்டா. பழுதுற்ற பெட்டியை அவன்முன் வையுங்கள், தமிழில் எண்ணுங்கள், தமிழில் தேடுங்கள், பழுதைத் தீர்த்து முழங்கச் செய்யுங்கள். அம் முழக்கமே அவனுக்கு விடை.



வாழ்க தமிழ்! வெல்க தமிழ்! ஓங்குக தமிழர் தொழிலறிவு!